உடம்புக்கு என்ன?

2016 நவம்பர். தெசலோனிகியில் எனக்கு முதல் குளிர்காலம். பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் கேட்டேன். பரிமாற வந்த இளைஞன் குறித்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்து, "உடம்புக்கு என்ன?" என்றான். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். "பிறகு ஏன் தேநீர்?" என்றான். கேலி செய்யவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அந்த ஊரில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். கிரேக்கர்களுக்கு எல்லாவற்றுக்கும் காப்பிதான். காலையில் எழுந்தால் காப்பி, நண்பரைப் பார்த்தால் காப்பி, அரசியல் பேசக் காப்பி, அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்தாலும் காப்பி. தேநீர் என்றால் இருமல், வயிற்றுவலி, காய்ச்சல். அதுவும் பெரும்பாலும் நாம் நினைக்கும் தேயிலை அல்ல. ‘த்ஸாய் து வுனூ’ என்பார்கள். மலைத் தேநீர்.

துளசி, புதினா குடும்பத்துச் செடி அது. ஆயிரம் மீட்டருக்கு மேல், வேறெதுவும் லேசில் முளைக்காத பாறை இடுக்குகளில் வளரும். சாம்பல் பூத்த பச்சை இலை, மேலே மெல்லிய ரோமம், தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். தேயிலைக்கும் இதற்கும் உறவு கிடையாது, கஃபீனும் கிடையாது. ஒவ்வொரு மலைக்கும் அதற்கென்று ஓர் இனம் இருக்கிறது. ஒலிம்பஸில் ஒன்று, பர்னாசஸில் ஒன்று, தெற்கே டைகெட்டஸில் இன்னொன்று. கிரீட் தீவில் இதன் பெயர் ‘மலோதீரா’. வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில் இத்தாலிய மொழியிலிருந்து வந்த சொல், ‘நோயை இழுத்துவிடுவது’ என்று பொருள் என்பார்கள்.

மலையையும் தேநீரையும் சேர்த்துக் கேட்டதும் என் மனம் வேறு மலைக்குத்தான் போனது. என் அப்பாயி அட்டன் பக்கம் கொழுந்து பறித்தவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கூடலூருக்கு வந்து, அங்கேயும் கொழுந்துதான் பறித்தார். கங்காணி, தராசு, அரைப்பேர், இதெல்லாம் இல்லாத ஒரு தேநீரை என்னால் கற்பனை செய்ய முடிந்ததில்லை. யாருடைய தோட்டமும் இல்லாத பாறையில் தானாக முளைத்து, பெண்கள் தங்கள் வீட்டுக்கென்று பறித்து வந்த தேநீர் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அதன்மேல் ஒரு ஆசையே வந்துவிட்டது. அந்த ஆசை என் கண்ணைக் கொஞ்சம் மறைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் வாடகைக்கு இருந்தது பழைய நகரின் மேட்டுப் பகுதியான ஆனோ போலியில், ஒரு வீட்டின் மாடியறையில். வானம் தெளிந்த நாட்களில் வளைகுடாவுக்கு அக்கரையில் ஒலிம்பஸ் தெரியும். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா. எண்பத்தாறு வயது. எல்லோரும் அவரை யாயா என்றார்கள், பாட்டிக்கு அங்கே அதுதான் சொல். யாயாவுக்கு நினைவு தப்பத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன், நெருக்கடி ஆண்டுகளில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டார். யாயாவைப் பார்த்துக்கொள்ள அல்பேனியாவிலிருந்து வந்த ஒரு பெண் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். நான் அவரை மனதுக்குள் அக்கா என்று வைத்துக்கொண்டேன். அவர் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் மலைத் தேநீர் கொதிக்கும். வாசம் மாடிவரை வரும். மண்ணும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசம். வாடகை கொடுக்கப் போனவள் அந்த வாசத்துக்காகவே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன், பிறகு அது பழக்கமாகிவிட்டது. அக்கா காய்ந்த கட்டிலிருந்து நாலைந்து தண்டுகளை உருவி, கையாலேயே மூன்றாக ஒடித்து, பூவும் இலையும் தண்டுமாகத் தண்ணீரில் போடுவார். சில நிமிடம் மெதுவாகக் கொதிக்கும். அடுப்பை அணைத்து மூடி வைப்பார். பொன்னிறமாக இறங்கியதும் வடிகட்டுவார். சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் தேன். யாயாவின் கை நடுங்கும் என்பதால் கோப்பையில் பாதிதான் ஊற்றுவார். யாயா முதல் மடக்கைக் குடித்துவிட்டு, அக்காவை அல்ல, ஜன்னலைப் பார்த்து ஏதாவது சொல்லத் தொடங்குவார்.

பெரும்பாலும் ஜூலை மாதம் பற்றித்தான். யாயா பிறந்தது ஒலிம்பஸ் அடிவாரத்துக் கிராமம். பூ முழுதாக மலர்ந்ததும், வெயில் ஏறும் முன்பே, அம்மாவும் சித்திகளும் கோவேறு கழுதையோடு மேலே போவார்கள். யாயாவும் கூடப் போவார். கத்தரிக்கோலால் தண்டை மட்டும் வெட்ட வேண்டும். ஒரு முறை அவசரத்தில் வேரோடு பிடுங்கிவிட்டதற்கு அம்மா கன்னத்தில் அறைந்ததை, நேற்று நடந்த மாதிரி கன்னத்தைத் தடவிக்கொண்டே சொல்வார். வேர் போனால் அடுத்த வருஷம் அந்தப் பாறை மொட்டை. வியாபாரிக்குப் பறிக்க வந்த ஆட்கள் வேரோடு இழுத்துக்கொண்டு போவார்களாம். வீட்டுக்குப் பறித்த பெண்களுக்கு அடுத்த வருஷமும் இதே பாறைக்குத்தான் வர வேண்டும் என்பது தெரியும். (இப்போது மலைத் தேநீரை வயலில் பயிராகவும் விளைவிக்கிறார்கள்.) பறித்து வந்ததைக் கட்டுக்கட்டாகக் கட்டி, நிழலில், உத்தரத்தில் தலைகீழாகத் தொங்க விடுவார்கள். வெயில் பட்டால் வாசம் போய்விடும். எத்தனை கட்டு என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு உண்டு. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு மார்ச்சளி, யார் பிள்ளைத்தாய்ச்சி, எந்தப் பக்கத்து வீட்டில் மலையேற ஆள் இல்லை. மகன் பெயர் மறந்துபோன நாட்களிலும் யாயாவுக்கு இந்தக் கணக்கு மறக்கவில்லை.

இந்த அறிவு புத்தகத்தில் எப்படி ஏறியிருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். செடியின் இனத்துக்குச் ‘சிடெரிட்டிஸ்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘சிடெரோஸ்’ என்றால் இரும்பு. இரும்பு ஆயுதம் உண்டாக்கிய காயத்தை ஆற்றும் என்பதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம், பூவின் புல்லி இதழ் ஈட்டிமுனை மாதிரி இருப்பதால் என்று இன்னொன்று. முதலாம் நூற்றாண்டு மருத்துவர் டயஸ்கோரிடீஸ் காயத்துக்கு மருந்தாகச் சிடெரிட்டிஸைக் குறிப்பிடுகிறார், அவர் சொன்ன செடி இதுதானா என்பதில் வாதம் உண்டு. எப்படியானாலும் போர்வீரன், வாள், மருத்துவர் எல்லாரும் பெயருக்குள் வந்துவிட்டார்கள். இருமும் குழந்தையோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் வரவில்லை.

கிரேக்கக் கதைகளில் மூலிகை தெரிந்த பெண்கள் இல்லாமல் இல்லை. ஒடிசியில் கிர்க்கி இருக்கிறாள், மனிதர்களைப் பன்றியாக்குகிறாள். மெடியா இருக்கிறாள். ஹெலன் மதுவில் துயரம் மறக்கும் மருந்தைக் கலக்குகிறாள், அதை அவளுக்குக் கொடுத்தவள் பாலிடம்னா என்ற எகிப்தியப் பெண். ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு மருந்தறிவு கைமாறியதற்கு அந்த ஒரே ஒரு வரி சாட்சியாக நிற்கிறது. ஆனால் மூலிகை அறிந்த ஆண் அஸ்க்லீபியஸாகிக் கோயில் பெறுகிறான். பெண் சூனியக்காரி ஆகிறாள், அல்லது யாயா ஆகிறாள். யாயாவுக்குக் கோயில் இல்லை, பயமும் இல்லை. இன்று சுற்றுலாக் கடைகளில் மலைத் தேநீர்ப் பொட்டலத்தின்மேல் முக்காடு போட்ட ஒரு யாயாவின் படம் சிரிக்கிறது.

கிரீட்டில் ‘திக்தாமோ’ என்று இன்னொரு மூலிகை. செங்குத்துப் பாறைகளில் வளரும். உயிரைப் பணயம் வைத்து அதைப் பறித்து வந்து காதலிக்குக் கொடுத்த இளைஞர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அதன் நாட்டுப்பெயர் ‘எரோந்தாஸ்’, காதல் என்ற சொல்லிலிருந்து வந்தது. பறித்தவர்களுக்கும் அதை வைத்தே ஒரு பெயர். ஆண் ஒரு முறை ஏறினால் காவியம். பெண்கள் வருஷா வருஷம் ஏறியது வீட்டு வேலை. அந்தப் பெண்களுக்கு ஏறத் தெரியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 1940-ல் இத்தாலியப் படை அல்பேனியா வழியாக நுழைந்தபோது, பிண்டஸ் மலைக் கிராமத்துப் பெண்கள் பனியில் வெடிமருந்துப் பெட்டிகளை முதுகில் சுமந்து போர்முனைக்கு ஏற்றினார்கள். அதற்கு மட்டும் சிலை வைத்திருக்கிறார்கள். சுமந்தது வெடிமருந்து அல்லவா?

கஃபெனியோ பற்றியும் சொல்ல வேண்டும். கிராமச் சதுக்கத்துக் காப்பிக் கடை அது. ஆண்கள் சீட்டாடுவதும் ஓட்டுப் பேசுவதும் அங்கேதான். முன்பெல்லாம் பெண்கள் உள்ளே போய் உட்காரும் வழக்கம் கிடையாது. ஜேன் கோவன் என்ற மானுடவியலாளர் 1980-களில் வடகிரேக்கத்தின் சோஹோஸ் ஊரில் தங்கி, யார் எங்கே என்ன குடிக்கிறார்கள் என்பதையே ஓர் ஆய்வாக எழுதினார். புதிதாக வந்த கஃபெத்தேரியாவில் ஒரு பெண் போய்க் காப்பி குடிப்பது ஊரில் பெரிய விவாதமாக இருந்ததை அதில் காட்டுகிறார். அதைப் படித்த பிறகு, முதல் நாள் அந்த இளைஞன் கேட்ட கேள்வி எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. காப்பி வெளியே, சும்மா, இன்பத்துக்காகக் குடிப்பது. மலைத் தேநீர் வீட்டுக்குள், காரணத்தோடு, இன்னொருவர் போட்டுத் தர, படுத்திருப்பவர் குடிப்பது. போட்டுத் தரும் இன்னொருவர் யார் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரியும்.

அடுப்படியில் செய்ததற்கு விலை வைக்கப் பெண்கள் முயன்றதும் உண்டு. லெஸ்போஸ் தீவின் பெத்ரா ஊரில் 1983-ல் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, அறைகளை வாடகைக்கு விட்டு, வீட்டு இனிப்பும் சமையலும் விற்றார்கள். வரதட்சணை முறையைச் சட்டத்திலிருந்து நீக்கியதும் அதே 1983-ல்தான். அதன் வழியில் பிற ஊர்களிலும் சங்கங்கள் வந்தன. பெண்ணின் கைவேலை பணமாகி அவள் கைக்கே வருவது பெரிய விஷயம். ஆனால் பாகில் ஊறவைத்த பழத்துக்கு விலை போடலாம். சாயங்காலம் ஏழு மணிக்கு எப்படி விலை போடுவது?

அந்த வீட்டில் அதற்கும் ஒரு விலை இருந்தது, மாதச் சம்பளம் என்ற பெயரில். மகன் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைப்பார். 2017-ல் ஒரு நாள் அக்காவின் கைப்பேசிக்கு ஒரு செய்தியை அனுப்பினார். ஜெர்மன் ஆய்வாளர்கள் மலைத் தேநீர்ச் சாற்றைக் கொடுத்ததில் அல்சைமர் நோய்க்கூறு கொண்ட எலிகளின் நினைவும் கற்கும் திறனும் மேம்பட்டனவாம். ‘அம்மாவுக்குத் தினமும் இரண்டு வேளை கொடுங்கள்’ என்று கீழே எழுதியிருந்தார். எலிகளிடம் கண்டது மனிதர்களுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை என்று நான் அக்காவிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். "எலிக்கு யார் தேநீர் போட்டார்களாம்?" என்றார்.

2016-ல் ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழுவும் இந்தச் செடிக்கு அங்கீகாரம் தந்திருந்தது. சளியோடு வரும் இருமலுக்கும் லேசான வயிற்றுத் தொந்தரவுக்கும், நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் கொடுக்கலாம் என்று. மருத்துவச் சோதனைகள் போதாத இடத்தில் அந்தப் பயன்பாடே சான்று. குறைந்தது முப்பது ஆண்டு வழக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. யாயாவின் அம்மா, அந்த அம்மாவின் அம்மா, உத்தரத்துக் கட்டுகளின் கணக்கு எல்லாம் ‘நீண்டகாலப் பயன்பாடு’ என்ற இரண்டே சொல்லில் அடங்கிவிட்டன.

அக்காவின் ஊர் கோர்ச்சாவுக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம். எல்லையிலிருந்து அதிகத் தூரமில்லை. அங்கேயும் இதே செடிதான், ‘சாய் மாலி’ என்பார்கள். அதற்கும் பொருள் மலைத் தேநீர். பல்கேரியாவில் ‘முர்சால்ஸ்கி சாய்’. செடிக்கு எல்லை தெரியாது என்று நான் ஒரு நாள் உற்சாகமாகச் சொன்னபோது அக்கா, "எனக்குத் தெரியும். நடந்துதான் வந்தேன்" என்றார். 1990-களின் தொடக்கத்தில், கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு, அல்பேனியர்கள் லட்சக்கணக்கில் கிரேக்கத்துக்கு வந்தார்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் வயலுக்கும் போனார்கள். பெண்கள் வீடுகளுக்குள் போனார்கள், துடைக்க, சமைக்க, முதியவர்களைத் தூக்கி உட்கார வைக்க. வேலை கிடைக்க வேண்டுமானால் வாயில் நுழையும் ஒரு கிரேக்கப் பெயர் வேண்டும். பலர் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அக்காவை அழைத்த பெயரும் அப்படி வந்ததுதான். முதலில் வேலை பார்த்த வீட்டு அம்மா, இறந்துபோன தன் அக்காளின் பெயரை வைத்தாராம். அது அவர் பெயர் அல்ல, அதனால் எழுதவில்லை. உண்மையான பெயரை எனக்குச் சொன்னார், எழுதலாமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் அதையும் எழுதவில்லை.

அவர் அம்மா கோர்ச்சாவில் தனியாக இருந்தார். அவருக்குச் சாயங்காலத் தேநீர் போட்டுக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். அதற்கு அக்கா மாதா மாதம் ஏதோ அனுப்பினார். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் கேட்டேன். "அவள் செத்துப்போய்விட்டாள், நல்லவேளை" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

2018 பிப்ரவரியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாக இருமல் மாடிவரை கேட்டது. மூன்றாம் நாள் கீழே இறங்கிப் போனேன். அடுப்படிக்குப் பக்கத்துச் சிறிய அறையில் இரண்டு போர்வைக்குள் படுத்திருந்தார். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒன்றரை வருஷமாகப் பார்த்துப் பழகியது. கட்டிலிருந்து தண்டுகளை உருவி ஒடிக்கத் தொடங்கினேன். மனதுக்குள் ஒரு கட்டுரையே ஓடியது என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. எல்லோருக்கும் போட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு நாள் இன்னொருத்தி போட்டுக் கொடுக்கிறாள், கடைசிப் பத்திகூடத் தயாராக இருந்தது.

ஒடியும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "அது வேண்டாம்" என்றார் உள்ளிருந்து.

"இருமலுக்கு நல்லது, நீங்கள்தானே சொன்னீர்கள்."

"யாயாவுக்கு நல்லது. எனக்கு அந்த வாசமே வேலைக்கு எழுப்புகிற மாதிரி இருக்கிறது. ஒரு காப்பி போடேன். சர்க்கரை நிறைய."

பிரீக்கியில் காப்பி போட்டேன். அந்த நீளப் பிடிப் பாத்திரம் எனக்கு என்றுமே வசப்பட்டதில்லை, நுரை உடைந்துவிட்டது. அக்கா எழுந்து சமையல் மேசைக்கு வந்து, போர்வையோடு உட்கார்ந்தார். கண்ணை மூடி ஒரு மடக்குக் குடித்தார். மோசமாக இருக்கிறது என்றார், சிரித்தார், இன்னொரு மடக்குக் குடித்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மணி ஏழு ஆகியிருந்தது போல. யாயா அறையிலிருந்து கூப்பிட்டார், அந்தப் பொய்ப் பெயரைச் சொல்லி. நீங்கள் எழுந்திருக்காதீர்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, ஒடித்து வைத்திருந்த தண்டுகளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, தேன் விட்டு, பாதிக் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். யாயா ஒரு மடக்குக் குடித்தார். நிறுத்தினார். "இது யார் போட்டது?" என்றார். கோப்பையைத் தள்ளிய வேகத்தில் போர்வையெல்லாம் தேநீர். பிறகு அழத் தொடங்கினார், தொலைந்துபோன குழந்தை மாதிரி, அம்மா எங்கே என்று கேட்டு.

நான் துணியைத் தேடி அடுப்படிக்கு ஓடி வந்தபோது அக்கா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். ஒரு கையால் போர்வையைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கட்டிலிருந்து தண்டுகளை உருவிக்கொண்டிருந்தார். நான் வாங்கப் போனேன், முழங்கையால் என்னை ஓரம் தள்ளினார். இருமல் வரும்போது பாத்திரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று இருமினார். சில நிமிடம் கொதிக்க விட்டார். அணைத்து மூடினார். சூடு தணியக் காத்திருந்து தேன் விட்டார். பாதிக் கோப்பை ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அழுகை நின்றது. யாயா ஜூலை மாதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவது கேட்டது. நான் போட்ட காப்பி மேசைமேல் முக்கால் கோப்பை ஆறிக் கிடந்தது.